வண்ணத்துப்பூச்சிக்கும் இலை போடுங்கள்!

ஸ்ரீரங்கம் என்றதும் நம் எல்லோருக்கும் ரங்கநாதரும் ராஜகோபுரமும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு இப்போதெல்லாம் கூடவே ஒரு கறிவேப்பிலைப் புழுவும் ஞாபகத்துக்கு வருகிறது. சிரிக்காதீர்கள். அந்தப் புழுவை மரியாதையோடு பார்க்க நான் கற்றுக்கொண்டது அந்த ஊரில்தான்.

முதலிலிருந்து சொன்னால்தான் விஷயம் புரியும்.

எங்கள் வீடு தஞ்சாவூர்ப் பக்கம். கொல்லையில் ஒரு கிணறு, துவைக்கிற கல், ஒரு முருங்கை, ஒரு வேம்பு, இரண்டு வாழை, கிணற்றடியில் செம்பருத்தி. இவற்றுக்கு நடுவே நான் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்த கறிவேப்பிலைக் கன்று. 2022 சித்திரையில் அது இடுப்பு உயரம் வந்து தளதளவென்று துளிர்விட்டிருந்தது. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், இலை இருந்த இடத்தில் வெறும் ஈர்க்குதான் நிற்கிறது. கிளைக்குக் கிளை பச்சைப் புழு!

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே உரக்கடைக்குப் போய் ஒரு மருந்து வாங்கி வந்து, கறிவேப்பிலைக்கும் பக்கத்திலிருந்த செம்பருத்திக்கும் சேர்த்தே அடித்துவிட்டேன். பாட்டிலில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது, எத்தனை நாள் கழித்து இலையைக் கிள்ளலாம் என்றெல்லாம் படிக்கவே இல்லை. புழு ஒழிந்ததா, ஒழிந்தது. அவ்வளவுதான்.

அந்தச் செம்பருத்தியின் தாழ்ந்த கிளையில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. நாரும் சருகும் ஒட்டடையும் வைத்துப் பின்னிய சின்னப் பை மாதிரியான கூடு. உள்ளே இரண்டு குஞ்சுகள். தாயும் தகப்பனும் மாறி மாறி இரை கொண்டுவந்து கொடுக்கும். காலையில் பாத்திரம் தேய்க்கும்போது அந்தக் கீச்கீச் சத்தம்தான் எனக்குத் துணை.

மருந்தடித்த மூன்றாம் நாள் என் மாமியார், "என்னம்மா, ரெண்டு நாளா அந்தக் குருவிச் சத்தத்தையே காணோமே?" என்றார். என் சின்ன மகள் ஸ்டூல் போட்டு ஏறி எட்டிப் பார்த்தாள். இறங்கி வந்தவள் ஒன்றும் பேசவில்லை. இரண்டு குஞ்சுகளும் செத்துக் கிடந்தன.

"எறும்பு கடிச்சிருக்கும்டி" என்று அவளிடம் சொன்னேன். அது எறும்பு இல்லை என்று என் மனசுக்குத் தெரியும். 'தேன்சிட்டு தேன்தானே குடிக்கும்? புழு மருந்தால் அதற்கு என்ன வந்தது?' என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் எவ்வளவு தப்பு என்று ஏழு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

தீவுக்குள் ஒரு தோட்டம்

அந்த நவம்பரில் ஸ்ரீரங்கத்தில் என் பெரியம்மா வீட்டில் அறுபதாம் கல்யாணம். அது முடிந்த மறுநாள் குழந்தைகள் எங்காவது போக வேண்டும் என்று நச்சரிக்க, "இங்கேயே மேலூர்ப் பக்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கே, கூட்டிட்டுப் போயேன்" என்றார் பெரியம்மா. ஆட்டோ பிடித்துக் கிளம்பினோம்.

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது அல்லவா, அந்த இரண்டு ஆற்றுக்கும் நடுவிலுள்ள தீவில்தான் ஸ்ரீரங்கமும் இருக்கிறது, இந்தப் பூங்காவும் இருக்கிறது. கோயில் தெருக்களின் சந்தடி கொஞ்ச தூரத்திலேயே அடங்கிவிடுகிறது. அப்புறம் வாழைத் தோட்டமும், தென்னையும், ஆற்றுக் காற்றும்தான். காப்புக் காட்டை ஒட்டி, சுமார் 25 ஏக்கரில் வனத்துறையின் பராமரிப்பில் இருக்கும் பூங்கா இது. 2015 நவம்பரில் திறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வகை வண்ணத்துப்பூச்சிகளை இங்கே பார்த்துக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

ஆனால் நாங்கள் போனபோது ஒரு பூச்சியைக்கூடக் காணோம்! வானம் மூடிக்கொண்டு மப்பாக இருந்தது. சிமெண்டில் செய்து வைத்த பெரிய வண்ணத்துப்பூச்சியின் முன்னால் குழந்தைகள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். 27 நட்சத்திரங்களுக்கும் உரிய மரங்களை வைத்து நட்சத்திர வனம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அவரவர் நட்சத்திர மரத்தைத் தேடிப் பார்த்தோம். "இதுக்கா ஆட்டோவுக்குக் காசு கொடுத்தோம்?" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

பத்து மணி சுமாருக்கு மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது. அவ்வளவுதான், யாரோ கூடையிலிருந்து பூவை வாரி இறைத்தது போல எல்லாத் திசையிலிருந்தும் கிளம்பின பாருங்கள்! மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு, கறுப்பில் சிவப்புப் பொட்டு, கறுப்பில் நீலக் கோடு. அதுவரை அவை அங்கேயேதான் இலைக்கடியில் சிறகை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வண்ணத்துப்பூச்சியின் உடம்புக்குத் தானே சூடு உண்டாக்கிக்கொள்ளும் சக்தி போதாது. வெயிலில் சிறகை விரித்துக் காய்ந்து உடம்பு சூடேறிய பிறகுதான் நன்றாகப் பறக்க முடியும். ஆகவே போகிறவர்கள் வெயில் உள்ள நாளாகப் பார்த்து, காலை ஒன்பது, பத்து மணிக்குப் போங்கள்.

ஓட்டை விழணும்னுதாங்க வச்சிருக்கு!

ஓர் ஓரத்தில் வயதான அம்மா ஒருவர் உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்திலிருந்த செடிகளைப் பார்த்தேன். இலையெல்லாம் சல்லடை மாதிரி இருந்தது. வாய் சும்மா இருக்குமா?

"ஏம்மா, இவ்வளவு பெரிய பூங்காவுல செடியெல்லாம் இப்படி ஓட்டை விழுந்து கிடக்கே, மருந்து அடிக்க மாட்டீங்களா?" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "நல்லாக் கேட்டீங்க போங்க! ஓட்டை விழணும்னுதாங்க இந்தச் செடியையே வச்சிருக்கு. பூ, வர்ற விருந்தாளிக்கு. இலை, அதுங்க புள்ளைங்களுக்கு. பூவை மட்டும் வச்சா வந்து குடிச்சுட்டுப் போயிடும். இலையும் வச்சாத்தான் தங்கிக் குடும்பம் நடத்தும்."

பிறகு எழுந்து வந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். வெந்தய வரியன் எருக்கிலைக்குத்தான் வரும். கொன்னை வெள்ளையன் கொன்றை மரத்தைத் தேடிப் போகும். வெண்புள்ளிக் கருப்பன் அரளியில் முட்டையிடும். சிவப்பு உடம்புக்காரி ஒருத்தி ஈஸ்வரமூலிக் கொடியை விட்டால் வேறு எதையும் திரும்பிப் பார்க்க மாட்டாள். நம் வீட்டில் ஒரு குழந்தை இட்லி தவிர வேறெதையும் தொடாது இல்லையா, அந்த மாதிரி இந்தப் புழுக்களுக்கும் தன் இலைதான் வேண்டும். அந்த இலை கிடைக்காவிட்டால் பட்டினியாகவே செத்துப் போகும்.

கடைசியாக ஒரு கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி இருந்த ஒன்றைக் காட்டி, "இது என்ன சொல்லுங்க?" என்றார். எச்சம் என்றேன். அது நகர்ந்தது! கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சிகளின் சின்னப் புழு அது. பறவை தின்றுவிடாமலிருக்க எச்சம் போல வேஷம். பெரிதானதும் இலையோடு இலையாகப் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். அந்தப் பச்சைப் புழுவையும் பக்கத்துக் கிளையில் காட்டினார்.

என் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அன்னிக்கு நம்ம வீட்டுல மருந்தடிச்சுக் கொன்னது இதைத்தானே?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. தேன்சிட்டுக் கூட்டு விஷயத்தையும் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "தெரியாம செஞ்சதுதானேங்க. பெருசுதான் தேன் குடிக்கும். குஞ்சுக்குப் புழுவும் சிலந்தியும் பூச்சியும்தான் ஊட்டும். சிட்டுக்குருவியும் அப்படித்தான். தானியம் திங்கிற குருவின்னு பேரு, குஞ்சுக்குப் பூச்சிதான் கொடுக்கும். புழு இல்லாத தோட்டத்துல குருவி எதை வச்சுப் புள்ளை வளர்க்கும்?" என்றார்.

நான் மருந்து தெளித்த புழுவையும் பூச்சியையும் அந்தத் தாய் அலகில் கவ்விக்கொண்டு போய்த் தன் குஞ்சுக்கு ஊட்டியிருக்கும் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது. நாமும் பிள்ளைக்கு ஊட்டுகிறவர்கள்தானே!

வீட்டுக்கு வந்து செய்தது

திரும்பி வந்ததும் முதல் வேலையாக மிச்சமிருந்த மருந்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் கட்டிப் போட்டேன். அதன்பிறகு அதை எடுக்கவே இல்லை. இரண்டாவதாக, இன்னொரு கறிவேப்பிலைக் கன்று நட்டேன். மாமியாருக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. "ஒரு செடிக்கே இந்தப் பாடு. ரசத்துக்குக் கிள்ள நாலு இலை இல்லாம, புழுவுக்குப் பண்ணை வைக்கப் போறியா?" என்றார்.

"அத்தை, கிணற்றடிச் செடி நமக்கு. வேலி ஓரத்துச் செடி அதுங்களுக்கு" என்றேன். நம் செடியில் புழு கண்டால், இலையோடு கிள்ளி அந்தச் செடியில் விட்டுவிடுவேன். விரல் பட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி ஒரு வாடையைக் கிளப்பும். பயப்பட வேண்டாம். நம்மை மிரட்டத்தான் அது!

முட்டை பொரிய மூன்று நான்கு நாள். புழுவாக ஏறக்குறைய இரண்டு வாரம். பிறகு ஒரு குச்சியில் நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். பத்து நாளோ இரண்டு வாரமோ கழித்து ஒரு காலையில் கூடு வெடிக்கும். ஈரச் சிறகோடு வெளியே வந்து, காயும்வரை தொங்கிக்கொண்டிருக்கும். முதல்முறை அது நடந்த அன்று என் மகள் பள்ளிக்கூட பஸ்ஸையே விட்டுவிட்டாள். 'போகட்டும்' என்று விட்டுவிட்டேன். மொட்டையான செடியும் சாகவில்லை. மூன்று வாரத்தில் மறுபடி துளிர்த்துவிட்டது. இலையை இழந்தாலும் கறிவேப்பிலை மறுபடி கிளைக்கிற ஜாதி. நாமே ஒடித்து ஒடித்துத்தானே வளர்க்கிறோம்?

மாதா மாதம் ஒரு கைங்கரியம்

இரண்டு மூன்று வருஷமாகச் செய்து பார்த்ததில், பன்னிரண்டு மாதமும் கொல்லையில் ஏதாவது ஓர் உயிருக்குச் சாப்பாடு இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும் என்று தெரிந்துகொண்டேன்.

ஐப்பசி, கார்த்திகை: நம் பக்கத்தில் வண்ணத்துப்பூச்சிகள் நிறைய வரும் காலம் மழையை ஒட்டித்தான். தகரை, வெட்டுக்காயப் பூண்டு எல்லாம் தானாகவே முளைக்கும். எல்லாவற்றையும் களை என்று பிடுங்காமல் வேலியோரம் ஒரு பாய் அகலத்துக்கு விட்டுவிடுங்கள். வெட்டுக்காயப் பூண்டின் சின்னப் பூவில் எத்தனை பூச்சி உட்காருகிறது என்று எண்ணிப் பாருங்கள். கன்று நடவும் இதுவே நல்ல சமயம்.

மார்கழி, தை: வாசலில் அரிசி மாவில் கோலம் போட்டால் எறும்புக்கும் குருவிக்கும் ஆயிற்று. உதிர்ந்த சருகைக் குவித்துக் கொளுத்தாதீர்கள். அந்தப் புகை மூச்சிரைப்பு உள்ள குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஆகாது. மரத்தடியிலேயே தள்ளி வைத்தால் மக்கி எருவாகும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நம் பக்கம் வரும் ஆறுமணிக்குருவி சருகைப் புரட்டித்தான் இரை தேடும். காலையிலும் மாலையிலும் ஆறு மணி சுமாருக்குக் கத்துவதால் அதற்கு அந்தப் பெயர். போன வருஷம் எங்கள் வேம்படியில் ஒன்று மூன்று நாள் தங்கிவிட்டுப் போனது. பச்சையும் நீலமும் சிவப்புமாக என்ன அழகு!

மாசி, பங்குனி: முருங்கை பூக்கும், வேம்பும் பூக்கும். வாழைப்பூவின் மடலுக்குள் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கும். கூடு கட்டுகிற பறவைகள் நாரும் ஒட்டடையும் தேடும். கொல்லைப்புறக் கூரை ஒட்டடையை அப்போது ஒட்ட அடித்துவிடாமல் கொஞ்சம் விட்டு வைக்கிறேன். 'சோம்பேறி' என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

சித்திரை, வைகாசி: தண்ணீர்தான் பெரிய தர்மம். ஆழமில்லாத மண்சட்டியில், நடுவே ஒரு கல்லைப் போட்டு நிழலில் வையுங்கள். குருவி கால் ஊன்றிக் குடிக்கும். தண்ணீரைத் தினமும் கொட்டி மாற்ற வேண்டும். சட்டியை இரண்டு நாளுக்கு ஒரு தரம் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் டெங்குக் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியது மாதிரி ஆகிவிடும். கொட்டுகிற தண்ணீரைச் செடியடியில் ஒரே இடத்தில் ஊற்றுங்கள். அந்த ஈர மண்ணில் வண்ணத்துப்பூச்சிகள் வந்து உப்புச்சத்தை உறிஞ்சும்.

ஆனி, ஆடி: வேப்பம்பழம் உதிரும் காலம். மைனா, குயில், கொண்டைக்குருவி எல்லாவற்றுக்கும் கொண்டாட்டம். கறிவேப்பிலையின் கறுத்த பழத்தையும் விடாது. பறவை போட்ட எச்சத்திலிருந்து புதுக் கன்று முளைக்கும். கடையில் வாங்கவே வேண்டாம். ஆடிக் காற்றில் பூச்சி குறைவாகத்தான் இருக்கும். விதை போட்டு வைக்க அதுதான் சமயம்.

ஆவணி, புரட்டாசி: கிளை கழிப்பதானால் இப்போது, மழைக்கு முன்னால் செய்யுங்கள். அரிவாளை வைப்பதற்கு முன் கூடு இருக்கிறதா, கூட்டுப்புழு தொங்குகிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள். இட்லிப் பூ, நித்தியகல்யாணி, சாமந்தி இவற்றுக்கு எரு வைத்தால் ஐப்பசியில் விருந்தாளிக்குக் குறைவிருக்காது.

சின்னக் குழந்தை உள்ள வீட்டில்

தாய்மார்களுக்கு இதை அவசியம் சொல்ல வேண்டும். அரளி முழுக்க விஷம். இலை, பூ, பட்டை எதுவும் வாய்க்குள் போகக்கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஆமணக்கு விதையும் விஷம். தவழும் குழந்தையும், எதையும் வாயில் போடும் குழந்தையும் உள்ள வீட்டில் இவை மூன்றும் வேண்டாம். கறிவேப்பிலை, எலுமிச்சை, செம்பருத்தி, இட்லிப் பூ போதும்.

எல்லாப் புழுவும் ஒன்றல்ல. கறிவேப்பிலை, எலுமிச்சைப் புழுக்கள் வழவழப்பாக, ரோமமில்லாமல் இருக்கும். முருங்கைத் தண்டில் மழைக்காலத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பளிப்பூச்சி வேறு. அது மேலே பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். அதை நீண்ட விளக்குமாற்றால் கூட்டி சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளிவிடலாம். தோலில் பட்டுவிட்டால் தேய்க்காமல், ஒட்டுகிற டேப்பை ஒட்டி எடுத்து ரோமத்தை நீக்கிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

கொல்லை இல்லாத அடுக்குமாடி வீட்டுச் சகோதரிகள் ஏங்க வேண்டாம். ஊறுகாய்க்கு நறுக்கும்போது விழுகிற எலுமிச்சை விதையை ஒரு தொட்டியில் போட்டு வையுங்கள். காய்க்க எத்தனையோ வருஷம் ஆகும். ஆனால் நாலு துளிர் விட்ட உடனே எலுமிச்சை அழகி மோப்பம் பிடித்து வந்து முட்டையிட்டுவிடும். பக்கத்தில் ஒரு தொட்டி இட்லிப் பூவும் இருந்தால் வெயில் படும் பால்கனியே நந்தவனம்தான்.

மறுபடியும் ஒரு கூடு

2023-இல் எங்கள் செம்பருத்தியில் தேன்சிட்டு கூடு கட்டவில்லை. வந்து வந்து பார்த்தது, ஒட்டடையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுப் பக்கம் போய்விட்டது. எனக்கு அது வேண்டியதுதான் என்று இருந்தேன். அடுத்த வருஷம் பங்குனியில், துணி காயப்போடும் கொடியின் ஓரத்தில் ஒரு சின்ன நார்ப் பை தொங்குவதை மாமியார்தான் முதலில் பார்த்தார். அன்று முதல் அந்தக் கொடியில் ஒருவரும் துணி போடக்கூடாது என்று உத்தரவு! ஒரு மாதத்துக்கு மேல் எங்கள் வீட்டுத் துணியெல்லாம் மொட்டை மாடியில்தான் காய்ந்தது.

ஒரு நாள் தாய்க்குருவி வேலி ஓரத்துக் கறிவேப்பிலையிலிருந்து ஒரு சின்னப் புழுவைக் கவ்விக்கொண்டு போனது. "ஐயோ, நம்ம வண்ணத்துப்பூச்சிப் புழு போச்சே!" என்று மகள் கத்தினாள்.

மாமியார் அரிசி புடைத்துக்கொண்டே, "அதுவும் புள்ளைக்காரிதானேடி. இலை போட்டாச்சு. யார் யார் சாப்பிடணுமோ சாப்பிடட்டும்" என்றார்.

அந்த இரண்டு குஞ்சுகளும் பறந்து போயின. அன்றைக்கு ரசத்துக்குக் கறிவேப்பிலை கொஞ்சம் குறைவுதான். யாரும் குறை சொல்லவில்லை.